சென்டர் லைனைத் தாண்டிய செம்பாக்கம்

புத்தகம் எங்கே என்று கிள்ளானில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. அச்சாகவில்லை. அதற்கு எனக்கு வருத்தமும் இல்லை. சொந்தக் காசில் விமானம் ஏறிப் போன நடுவயது ஆள் வெறுங்கையோடு திரும்பினால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. மலேசியாவில் தமிழில் எழுதுகிறவன் மெட்ராஸில் அச்சடித்துக் கொள்வது எங்களுக்குள் ஒரு வழக்கம். என் வசன கவிதைகளைக் கிழக்குத் தாம்பரத்தில் கோதண்டம் என்பவரின் அச்சகத்துக்கு அனுப்பி மாதங்கள் ஓடிவிட்டன. ப்ரூஃபும் வரவில்லை, பதிலும் வரவில்லை. நேரில் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தால்தான் எழுத்துக் கோப்பார்கள் என்றார்கள். போய் உட்கார்ந்தேன்.

திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறும்போதே ஒரு பூக்காரம்மா என் பெட்டியின் மேல் கூடையோடு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொன்னேன். "பொட்டிக்குள்ள இன்னா பொன்னா கீது? தாம்பரத்துல எறங்கறப்ப நானே எந்திரிக்கிறேன் நைனா" என்றார். எங்கள் ஊர் ரயிலில் அந்நியன் பெட்டியைத் தொட்டால் போலீஸ் வரும். இங்கே பெட்டிக்குச் சொந்தக்காரனைத்தான் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன். இறங்கும்போது ஒரு முழம் மல்லிகையை வெடுக்கென்று கிள்ளி என் கையில் திணித்தார். உட்கார்ந்ததற்கு வாடகையாம்.

அச்சகத்தில் என் கையெழுத்துப் பிரதி எங்கே இருந்தது தெரியுமா? ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் சார்த்தி வைத்திருந்தார்கள். இயந்திரத்தில் ரோஸ் நிறக் காகிதம் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டி, அரையிறுதி, அனைவரும் வருக.

கோதண்டம் பெரிய மீசைக்காரர். செம்பாக்கத்தில் நெல் போட்ட குடும்பம். வயலெல்லாம் மனையான பிறகு அச்சகம், வாடகை, சீட்டு என்று இறங்கிவிட்டவர். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"வாங்க சார். கம்பாசிட்டர் லீவு. ஃபைனல் முடியற வரைக்கும் வரமாட்டான்."

"என் புத்தகம்?"

"புக்கு எங்க சார் ஓடிடப் போவுது? மேட்ச்சு தான் ஓடும்."

எனக்குக் கோபம் வந்தது. அது தணிவதற்குள் இட்லியும் வடகறியும் வந்தன. வடகறி எங்கள் ஊரில் கிடையாது. மீந்த வடையை மறுபடி மதிப்பாக வாழவைக்கிற அந்தப் பண்டத்தை நான் தட்டு வழிய உண்டேன். கோபத்தோடு எழுந்தவன் ஏப்பத்தோடு அவர் ஒதுக்கித் தந்த மாடி அறைக்குப் போனேன்.

மறுநாள் அரையிறுதி. கல்லூரியின் பெயரை எழுதமாட்டேன். சேலையூர்ப் பக்கம் அப்போதுதான் முளைத்திருந்த சின்னக் கல்லூரி. மைதானம் கோதண்டத்தின் சித்தப்பா உழுத நிலம். நிலம் கை மாறியபோது ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் தருவதாக வாய்ச்சொல் ஒன்று பேசப்பட்டது. இடம் கிடைத்தது, கால்பந்து அணியிலும் கிடைத்தது. ஆனால் ஒரு விசித்திரம். முன்னால் ஆடுகிறவர்கள் எல்லோரும் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள். பின்னால் நிற்கும் நாலு பேக்கும் செம்பாக்கம், சேலையூர்ப் பிள்ளைகள். யாரும் அப்படி விதி எழுதி வைக்கவில்லை. வருடா வருடம் அது தானாகவே அப்படி அமைந்தது.

அதனால் செம்பாக்கத்துக்காரர்கள் மைதானத்தின் பக்கவாட்டில் உட்காருவதில்லை. தங்கள் பிள்ளைகள் நிற்கும் கோலுக்குப் பின்னால்தான் உட்காருவார்கள். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது மொத்தக் கூட்டமும் எழும். கோணிப்பை, செங்கல், பலகை, குடை, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்து எதிர்க் கோலுக்குப் பின்னால் போய் மறுபடி குடியேறும். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு கிராமம் இன்னொரு தடவை குடிபெயர்வதைப் பார்ப்பது போலிருந்தது எனக்கு. நானும் ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அன்று ஆட்டத்தில் கஜா என்கிற லெஃப்ட் பேக் ஓடினான். மெலிந்த உடம்பு, நீண்ட கால். பந்தைப் பிடுங்கியதும் சென்டர் லைனைத் தாண்டி, இடது ஓரமாக எதிரணியின் மூலைவரை ஓடினான். பந்தைத் தட்டிவிட்டு, திரும்பிவரும் என்று கை தூக்கி நின்றான். வரவில்லை. அவன் விட்டுவந்த வெற்றிடத்தில் எதிராளி புகுந்து கோல் போட்டுவிட்டான். எப்படியோ இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். ஜெயித்தவர்கள் மாதிரி யாரும் வெளியே வரவில்லை.

டீக்கடையில் சண்டை. அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்ட எல்லாவற்றோடும் இந்தச் சண்டையைத் தொட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

"பேக்குன்னா பேக்கு!" கோதண்டம் மேஜையைத் தட்டினார். "வூட்டுக்குக் காவல் வெச்சவன் தெருவுல ஊர்வலம் போனா, வூடு இன்னா ஆவும்? டானியேலு தான் இந்தப் பசங்களக் கெடுத்துகினு கீறான்."

டானியேல் பேக்குகளுக்கு மட்டும் பயிற்சி தருகிறவர். ரயில்வே ஷெட்டில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் மைதானத்துக்கு வருவார். ஃபார்வர்டுகளைக் கல்லூரியின் பி.டி. சார் பார்த்துக்கொள்வார், பேக்குகள் டானியேல் பொறுப்பு.

"கெடுக்கலைங்க, ஓடக் கத்துக்குடுத்திருக்கார்" என்றார் மேரியக்கா. நர்ஸ். டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராக மேட்சுக்கு வருகிறவர். "கஜா ஓடினதுல தப்பில்ல. அவன் விட்ட எடத்துக்கு நடுவுல ஆடற ஹாஃப் ஒருத்தன் வந்து நிக்கணும். ஹாஸ்டல் பையன் எவனாவது பின்னாடி வந்தானா? வந்தா ஷூல மண்ணு ஒட்டிக்குமா?"

"அக்கா, நீ ஊசி போடு. ஃபுட்பாலு எனக்கு வுடு."

"உங்களுக்கே ஒண்ணு போட்டா சரியாயிடும் அண்ணா."

கடையே சிரித்தது. அப்போதுதான் கோதண்டம் என் பக்கம் திரும்பினார். "சாரக் கேளு. மலேசியாக்காரர். எழுபதுகள்ல நம்ம இந்தியா டீம அங்க இட்டுகினு போய் சாத்தி அனுப்புனவங்க இவுங்க. ஏன் சார், உங்க ஊர்ல பேக்கு ஓடுவானா?"

நான் ஸ்டேடியத்துக்குப் போனதெல்லாம் வெளியே விற்கும் கச்சான் கடலைக்காக. "பார்த்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அது போதுமாயிருந்தது. அன்று மாலைக்குள், மலேசியாவிலிருந்து கால்பந்து நிபுணர் ஒருவர் வந்து கோதண்டம் மாடியில் தங்கியிருக்கிறார் என்று தாம்பரம் மார்க்கெட் வரை செய்தி போய்விட்டது. வாழைப்பழக்காரர் ஒரு சீப்பை எடைபோட்டுக்கொண்டே, "கோல்ல நிக்கற கோலிய மாத்தணும் சார், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு மீன் வாங்கப் போனோம். இறுதியாட்டம் முடிந்ததும் பேக்குகளுக்கு மீன்குழம்புச் சோறு போடுவது கோதண்டம் வீட்டு வழக்கம். டானியேலை எவ்வளவு திட்டினாலும் அவரில்லாமல் மீன் வாங்கமாட்டாராம். கேளம்பாக்கத்துக்கு முன்னால் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் மாற்று பஸ்ஸுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். இங்கே தள்ளிக்கொண்டே வாதாடினார்கள்.

"டானியேலு, எதுக்குயா அவன ஓடச் சொல்ற?" இது கோதண்டம், பஸ்ஸின் இடது மூலையிலிருந்து.

"நின்னுகினே கீறவன எவனுக்கும் தெரியாதுண்ணா." இது வலது மூலையிலிருந்து. டானியேல் குள்ளம், தோள் மட்டும் அகலம். "நானும் பேக்கு தான். பன்னெண்டு வருசம் ஆடினேன். ஒருவாட்டி கூட எதிராளி கோலக் கிட்டக்கப் போயி பாத்ததில்ல. வல எந்தக் கலருன்னு கூடத் தெரியாது எனக்கு. இந்தப் பசங்களாவது பாக்கட்டும்."

"அதுக்குக் கோல வாங்கறதா?"

"வாங்குனா வாங்கறோம். தள்ளுண்ணா மொதல்ல, பேசிகினே நிக்கற!"

பஸ் குலுங்கிக் கிளம்பியது. எங்களை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடியது. வியர்வையும் சிரிப்புமாகத் துரத்திப் போய் ஏறினோம். கோவளத்தில் படகுகள் கரையேறியிருந்தன. ஏலம் போடுகிற பெண்ணின் குரலுக்கு முன்னால் கடல் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒரு கூடை வஞ்சிரத்துக்கு அவளும் கோதண்டமும் வைத சொற்களை என் மொழி நடைக்குள் கொண்டுவர முடியவில்லை. அவை அங்கேயே, உப்புக் காற்றிலேயே இருக்கட்டும்.

அன்று மாலையே பி.டி. சாரிடமிருந்து ஆள் வந்தது. கல்லூரிக்குப் போனோம். கூட வர வேண்டாம் என்று சொல்லியும் கோதண்டமும் மேரியக்காவும் வந்தார்கள். டானியேல் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். பி.டி. சார் இஸ்திரி கலையாத மனிதர். எனக்கு நாற்காலி போட்டு, பிஸ்கட்டும் வைத்தார்.

"சார், ஐ வில் பி ஃப்ராங்க். ஃபைனல்ல பேக்ஸ் சென்டர் லைனைத் தாண்டக் கூடாதுன்னு நான் இன்ஸ்ட்ரக்ஷன் குடுத்துட்டேன். டானியேல் ஒத்துக்க மாட்டேங்கறார். ஒத்துக்கலைன்னா அவர் நாளைக்கு கிரவுண்டுல இருக்கத் தேவையில்ல. நீங்க எக்ஸ்பர்ட். நீங்களே சொல்லுங்க, யார் ரைட்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டானியேலின் இடம் என் வாயில் இருந்தது. பொய் சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யை அவர் கேட்கவில்லை.

"நான் எக்ஸ்பர்ட் இல்லை. புத்தகம் அச்சடிக்க வந்தவன். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பையனைக் கேட்டீர்களா?" என்றேன்.

பிஸ்கட் தட்டை கோதண்டம் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பி.டி. சார் எரிச்சலோடு கஜாவைக் கூப்பிட்டனுப்பினார். அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"எதுக்குடா ஓடற? டானியேல் சொன்னாரா?"

"அவரு எப்டி ஓடணும்னு தான் சார் சொன்னாரு. ஓடறது நான்தான்."

"அதான் ஏன்?"

கஜா தரையைப் பார்த்தான். பிறகு தலை நிமிர்ந்தான். "மூணு வருசமா ஒரே டீமு சார். 'பேக், இங்க போடு. பேக், பின்னாடி போ.' இத்தான் கூப்பிடறானுங்க. என் பேரு அவுங்களுக்குத் தெரியாது. நான் அங்க போயி நின்னா, பாலு வேணும்னா, பேரச் சொல்லித்தானே கூப்பிடணும்?"

கோதண்டம் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்ல மறந்துவிட்டார்.

பி.டி. சார் கஜாவைப் போகச் சொன்னார். டானியேலைப் பார்த்து, "நாளைக்கு நீங்க வர வேணாம்" என்றார்.

"பெஞ்சுல உக்காரல சார். டிக்கெட் இல்லாத கிரவுண்டு தானே? ஜனத்தோட உக்காந்துக்கறேன்" என்றார் டானியேல்.

இறுதியாட்டத்தன்று மேகம் கவிந்து நின்றது, ஆனால் பெய்யவில்லை. செம்பாக்கத்துக் கூட்டம் வடக்குக் கோலுக்குப் பின்னால், தங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால், வழக்கம்போல். டானியேல் ஒரு கோணியில் என் பக்கத்தில். நாலு பேக்கும் உத்தரவுப்படி நின்றார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், நட்டு வைத்த மாதிரி. எதிரணி அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு கோல் போட்டது. நின்றும் கோல் விழுந்தது.

பாதி ஆட்டம். விசில் ஊதியதும் ஜனம் எழுந்து கோணியை உதறியது. நானும் என் செங்கல்லைத் தூக்கினேன்.

"வெய்யி சார் கீழ" என்றார் கோதண்டம். அவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, பசங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க" என்றார் மேரியக்கா.

"போவட்டும். நான் நவுரல. வர்றவன் இங்க வரட்டும்."

நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கோணி மறுபடி விரிந்தது. பிறகு இன்னொன்று. நடுவர் விசிலோடு காத்திருந்தார், வழி விட்டு, யாரும் வராத மைதானத்தைப் பார்த்துக்கொண்டு. எதிரணியின் கோலுக்குப் பின்னால் ஒரு ஊரே அசையாமல் உட்கார்ந்திருந்தது. தெற்கே தன் இடத்துக்குப் போன கஜா பின்னால் திரும்பிப் பார்த்தான். வெறும் காம்பவுண்டுச் சுவர். பிறகு முன்னால் பார்த்தான். நாங்கள் எல்லோரும் முன்னால் இருந்தோம்.

அவன் ஓடினான்.

பெஞ்சிலிருந்து பி.டி. சார் கத்தினார். அது எங்கள் காதிலேயே விழவில்லை, அவன் காதில் எங்கே விழும்? முதல் தடவை பந்து வரவில்லை. திரும்பி ஓடிப்போய் நின்றான். இரண்டாம் தடவையும் வரவில்லை. ஹாஸ்டல் பையன் பிஜு, மலையாளி, விங்கில் ஆடுகிறவன், பந்தோடு இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். கஜா மூன்றாம் தடவையாக அவனைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். பிஜு தலையைத் தூக்கினான். "கஜா!" என்றான்.

இதைவிடப் பெரிதாக எதுவும் அன்று நடக்கவில்லை என்றுதான் சொல்வேன். பந்து போனது, கஜா மூலையிலிருந்து உயரத் தூக்கி அடித்தான், யாரோ தலையால் முட்டினார்கள், வலை எங்கள் முகத்துக்கு நேராக உப்பியது. டானியேல் எழுந்து போய் வலையை ஒரு கையால் பிடித்துப் பார்த்தார்.

பிறகு மற்ற பேக்குகளும் ஓடினார்கள். எதிரணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. கடைசி நிமிடங்களில் நாலு பேரும் எங்கள் முன்னால் நின்றபோது பந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது. கோலி தனியாக நின்றான். தோற்றோம். இரண்டுக்கு ஒன்று.

பி.டி. சார் நேராக எங்களிடம் வந்தார். "பாத்தீங்களா டானியேல்? இதுக்கு யார் ரெஸ்பான்சிபிள்?"

"ரெண்டாவது கோலுக்கு நான் சார்" என்றார் டானியேல்.

"சரி சார்," என்றார் மேரியக்கா, குடையை மடக்கிக்கொண்டே. "மொத கோல் விழுந்தப்ப நாலு பேரும் நீங்க சொன்ன எடத்துலதானே நின்னாங்க? அதுக்கு யாரு?"

பி.டி. சார் டானியேல் பக்கம் திரும்பினார். சொன்னது வேறு: "இனிமே நீங்க கிரவுண்டுக்கு வர வேண்டாம் டானியேல். ஐ மீன் இட்."

"கிரவுண்டு எங்க சித்தப்பா நெல்லு போட்டது" என்று கோதண்டம் எகிறினார்.

"வுடுண்ணா" என்று டானியேல் அவர் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார். அன்று மீன்குழம்பை யாரும் மிச்சம் வைக்கவில்லை. தோற்றவர்கள் இவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை எனக்கு விமானம். கோதண்டம் ஆட்டோ கொண்டுவந்தார். கம்பாசிட்டர் வந்துவிட்டான், புத்தகத்தைப் பார்சலில் அனுப்புகிறேன் என்றார். நானும் நம்புகிற மாதிரி தலையாட்டினேன். ஆட்டோ மீனம்பாக்கம் போகாமல் செம்பாக்கத்துக்குத் திரும்பியது. "அஞ்சு நிமிசம் சார்" என்றார்.

ஏரியில் நடுவில்தான் தண்ணீர். வற்றிய ஓரம் பாளம் பாளமாக வெடித்து, மேலே புல் முளைத்துக் கிடந்தது. அங்கே டானியேல் நின்றார், ஷெட்டுக்குப் போகும் நீலச் சட்டையோடு. நாலு பேக்கும் இருந்தார்கள். பிஜுவும் ஹாஸ்டலிலிருந்து இன்னொருவனும் சைக்கிளில் வந்திருந்தார்கள். "பேக் ஓடும்போது நான் எங்கே நிற்க வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்; வார்டன் எழுவதற்குள் போயாக வேண்டும்" என்று பிஜு மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். டானியேல் தமிழில் திட்டிக்கொண்டே அவன் தோளைப் பிடித்து இடத்தில் நிறுத்தினார். இரண்டு பேருக்கும் புரிந்தது.

கோலுக்கு ஒரு பக்கம் பனங்கட்டை இருந்தது. மறுபக்கம் ஒன்றுமில்லை. கஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், செத்த நேரம் இங்க நில்லுங்களேன். நீங்கதான் போஸ்ட்டு."

நின்றேன். கரையில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "சார், ப்ளேன் போயிடும்!" என்று கோதண்டம் கத்தினார். தூரத்தில் கஜா ஓடத் தொடங்கியிருந்தான், பிஜுவைத் தாண்டி, இடது ஓரமாக, ஏரியின் வெடிப்புகளைத் தாவித் தாவி. நான் ஒரு காலைக் கரைப் பக்கம் எடுத்து வைத்தேன்.

"நவுராதீங்க சார்!" என்றான் ஓடிக்கொண்டே.

காலைத் திரும்ப வைத்து, பந்து வரும்வரை நின்றேன்.